கடலடியில் கணக்கெடுப்பு

அக்கரபத்தனைப் பக்கத்து மலைகளில் ஊறி, லிந்துலையின் தேயிலைச் சரிவுகளுக்கிடையே இறங்கி, கொத்மலை ஓயாவின் வழியாக மகாவலியைச் சேரும் ஆக்ரா ஓயாவின் ஜலம், நீர்த்தேக்கங்கள் பலவற்றில் தங்கித் தங்கி, ஈற்றில் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் சமுத்திரத்தோடு சங்கமமாகிறது என்பதைப் பாடசாலைப் பூகோளப் புத்தகத்தில் படித்தவர்கள் நம்மிடையே பலர். அந்தச் சங்கமத்திற்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே, புறாத்தீவைச் சுற்றிக் கிடக்கும் முருகைக்கற் பாறைகளை நேரிற் கண்டவர்களோ சிலர். கண்டதை எண்ணி எழுதி வைத்தவர்கள் அவர்களிலும் சிலர். இந்த மூன்றாவது கூட்டத்தில் சேர விரும்பும் மலைநாட்டு இளைஞர்களையும் யுவதிகளையும் உத்தேசித்தே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது.

சுழியோடித் தொண்டர் என்பவர் விஞ்ஞானி அல்லர். சம்பளம் பெறும் உத்தியோகத்தரும் அல்லர். விஞ்ஞானிகள் வகுத்துத் தந்த ஒரு கிரமத்தைப் பிழையின்றிப் பயின்று, அதன்படி கடலடியில் உள்ளவற்றை எண்ணி, எண்ணியதை உரியவர்களிடம் ஒப்படைப்பவர் அவர். 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நாரா என்னும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் வனசீவராசிகள் திணைக்களமும் நம் நாட்டில் இத்துறைக்குப் பொறுப்பானவை. எனினும், தீவைச் சுற்றியுள்ள பாறைகள் அனைத்தையும் வருஷந்தோறும் பார்த்துவரச் சில உத்தியோகத்தர்களால் இயலாது என்பது சொல்லாமலே விளங்கும். பிற தேசங்களிலும் நிலைமை இதுவேயாகையால், அமெரிக்காவில் 1990இல் தோன்றிய ரீஃப் நிறுவனமும், 1997இல் தன் முதல் உலகக் கணக்கெடுப்பை நடத்திய ரீஃப் செக் இயக்கமும் சாமானியச் சுழியோடிகளைப் பயிற்றி இவ்வேலையில் இறக்கின.

கடலடியில் எண்ணுவது நமக்குப் புதிய வித்தையென்று எவரும் கருதவேண்டியதில்லை. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அவ்வருஷம் குளிப்பு நடத்தலாமா, ஒத்திப்போடலாமா என்பதைத் தீர்மானிக்க, அரசாங்கத்தார் முன்கூட்டியே சுழியோடிகளை முத்துப்பார்களுக்கு அனுப்பி, ஒரு மூழ்கலுக்கு எத்தனை சிப்பி அகப்படுகிறது என்று கணக்கெடுப்பது வழக்கமாயிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைப் பற்றி இறங்கிய அம்மனிதர்கள் கொண்டுவந்த எண்ணிக்கையின்மீதே ஓர் அரசாங்கத்தின் வருமானம் நின்றது. அந்த எண்ணிக்கை எடுப்பதற்காக எடுத்தது. இந்த எண்ணிக்கை விட்டுவைப்பதற்காக எடுப்பது. கவனமாக எண்ணவேண்டும் என்னும் நியதி மாத்திரம் இரண்டுக்கும் ஒன்றே.

வாயுக்கலனை முதுகிற் சுமந்து இறங்கும் வழக்கம், கூஸ்தோவும் கான்யனும் 1943இல் பிரான்சில் அதற்கான கருவியை உருவாக்கிய பின்னரே உண்டாயிற்று. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அதே ஆண்டிற் கோணேசர் ஆலயத்தின் பழைய சிற்பத் தூண்களைத் திருகோணமலைக் கடலடியிற் கண்டனர். அக்காலத்துச் சுழியோடிகளுள் இயற்கையறிஞர் ரொட்னி ஜொங்க்லாஸ் போன்றோர் மீன்களையும் அவதானித்து எழுதினர். ஆயினும் அவர்கள் எழுதியவை பெரும்பாலும் வர்ணனைகள். ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்காண்டு எடுத்த எண்கள் அல்ல. வர்ணனையைப் படித்தால் கடல் அழகாயிருந்தது என்று தெரியும். எவ்வளவு குறைந்தது என்று தெரியாது.

இந்த வித்தியாசத்தின் முக்கியத்துவத்தை 1998ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வருஷம் சமுத்திர ஜலம் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியதால், முருகை உயிரிகள் தம் உடலுக்குள் வைத்து வளர்க்கும் நுண்ணிய பாசிகளை இழந்து வெளிறின. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் பாறையிலும் ஆழமற்ற இடத்து முருகைகள் பெரும்பாலும் மடிந்தன. திருகோணமலைப் பக்கமோ பெருஞ் சேதமின்றித் தப்பியது. இப்படி இடத்துக்கிடம் விளைந்த வேற்றுமையை நாம் இன்று சொல்ல முடிவது, அர்ஜன் ராஜசூரிய முதலிய நாரா ஆய்வாளர்கள் அப்பாறைகளில் இறங்கி உயிருள்ள முருகையின் விகிதத்தைக் குறித்துவந்ததனாலேயாம். புறாத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வெளிறல் மீண்டும் மீண்டும் வருகிறது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்கிறதென்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

நீரில் இறங்குமுன்

முதலாவது தேவை நீச்சல். மலைநாட்டில் வளர்ந்த நம்மிற் பலருக்கு நீச்சல் தெரியாது; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கற்பதற்கென்று மேல் கொத்மலை நீர்த்தேக்கத்திலோ ஓயாவின் சுழிகளிலோ இறங்குவது மூடத்தனம். குளிர்ந்த நீரும் கண்ணுக்குப் புலப்படாத இழுவையும் அங்கே கொண்டுபோன உயிர்கள் போதும். காவலர் உள்ள தடாகத்தில், கற்பிப்பவர் முன்னிலையில் கற்கவேண்டும். ஆரம்பச் சுழியோடற் பயிற்சியில் சேருபவர் பொதுவாக 200 மீற்றர் நீந்தவும், 10 நிமிஷம் மிதந்திருக்கவும் வல்லவராதல் வேண்டும். சிறுவயதில் இழுப்பு இருந்தவர்கள், குளிர்காலத்தில் இன்னும் மூச்சிரைப்பவர்கள், காதில் சீழ் வடிந்தவர்கள், இருதய நோயுள்ளவர்கள் ஆகியோர் வைத்தியரிடம் ஒளிக்காமற் சொல்லி அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்ற பின்னரே பயிற்சிக்குப் பணம் கட்டுக.

பயிற்சியில் ஆசிரியர் கற்பிப்பவை பல. அவற்றுள் எக்காரணத்தாலும் மறக்கக்கூடாதது, மேலெழும்போது மூச்சை அடக்கலாகாது என்பது. பத்து மீற்றர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகின்றன. அங்கே நிரப்பிய நுரையீரலை மூடிக்கொண்டு மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இருமடங்காக விரியும். ஆரம்பத் தகுதி பெற்றவருக்கு 18 மீற்றரே எல்லை. நம் வேலைக்கு அவ்வளவு ஆழமும் தேவைப்படாது.

இனிச் சொல்லப்போவது பிற ஊர்ச் சுழியோடிகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாமல், மலைநாட்டாருக்கே விசேஷமாகப் பொருந்துவது. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். அழுத்தத்தின்கீழ் சுவாசித்த காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து தங்கி, மேலே வந்தபின் மெதுவாகவே வெளியேறும்; அது முற்றும் வெளியேறுமுன் உயரமான இடத்துக்குப் போனால், அங்கே காற்றழுத்தம் குறைவாகையால், கரைந்திருந்த வாயு குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். சுழியோடியவர் உடனே விமானம் ஏறலாகாது என்னும் விதி இதிலிருந்து பிறந்ததே. ஒரே ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரமும், பல முறையோ பல நாட்களோ இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகள் பாதுகாப்பு வலையமைப்பினர் வகுத்த குறைந்தபட்ச வரம்பு. விமானத்துக்கு என்று சொல்லப்பட்ட இவ்விதி ஏறத்தாழ 2,000 அடிக்கு மேற்பட்ட உயரங்களுக்கு உரியது. லிந்துலையோ 4,000 அடிக்கு மேற்பட்டது. நுவரெலியா வழியாக வருபவர் 6,000 அடியையும் தாண்டி வரவேண்டும். பகலெல்லாம் நிலாவெளியில் இறங்கி ஏறிவிட்டு, மறுநாள் வேலைக்குப் பேர் போட்டாக வேண்டுமென்று இரவு பஸ்ஸைப் பிடிப்பவர், விமானத்தில் ஏறியவர் செய்யும் தவறையே தேயிலை மலையை நோக்கிச் செய்கிறார். ஆகவே பிரயாணத் திட்டத்தில் கடைசி நாள் முழுவதையும் கரையில் கழிக்க ஒதுக்குக. அந்நாளை வீண் நாளென்று எண்ணவேண்டாம். பதிவுகளைச் சுத்தப்பிரதி எடுக்க அதைவிட வாய்ப்பான நாள் இல்லை. கண்டிக்கு மேலே வருகையில் மூட்டுவலியோ, கைகால் மரத்துப்போதலோ, காரணமற்ற சோர்வோ தோன்றினால், பஸ் களைப்பென்று நினைத்துப் படுத்துவிடாமல், சுழியோடி வந்த செய்தியை முதலிற் சொல்லி வைத்தியரை நாடுக.

கோடும் எண்ணிக்கையும்

ரீஃப் செக் முறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பாறையின்மேல், ஒரே ஆழத்தில், 100 மீற்றர் நீளமுள்ள அளவு நாடாவை விரிக்கிறார்கள். அதில் 20 மீற்றர் கொண்ட நான்கு துண்டுகளும், துண்டுக்குத் துண்டு 5 மீற்றர் இடைவெளியும் உண்டு. நாடாவை விரித்தபின் பதினைந்து நிமிஷம் விலகியிருத்தல் வேண்டும். மனிதரைக் கண்டு ஓடிய மீன்கள் அதற்குள் திரும்பிவிடும். பின் இருவர் இருவராக இறங்கி, நாடாவின் இருபுறமும் இரண்டரை மீற்றர் வீதம் 5 மீற்றர் அகலத்துக்குள் வருகின்ற மீன்களையும், அடுத்து முதுகெலும்பில்லாத ஜந்துக்களையும் எண்ணுகிறார்கள்.

எல்லா மீன்களையும் எண்ணுவதில்லை என்பதே இம்முறையின் யுக்தி. வண்ணாத்திப்பூச்சி மீன், 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கிளிமீன், 30 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கலவாய், அஞ்சாலை, கடலட்டை, சிங்கி இறால், பெருஞ்சிப்பி, நீண்ட முட்களையுடைய கடல் முள்ளெலி, முருகையைத் தின்னும் முட்கிரீட நட்சத்திரமீன் முதலிய சில வகைகள் மாத்திரம் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்லும்: பெரிய கலவாயும் சிங்கி இறாலும் அற்றுப்போயிருந்தால் மீன்பிடி மிஞ்சிவிட்டது, முள்ளெலி மிகுந்திருந்தால் அதைத் தின்னும் மீன்கள் குறைந்திருக்கலாம், வண்ணாத்திப்பூச்சி மீன் குறைந்திருந்தால் அலங்காரத் தொட்டி வியாபாரத்துக்குப் பிடித்திருக்கலாம், அல்லது அது மேயும் முருகையே குறைந்திருக்கலாம்.

புதிதாய் வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு எளிதல்ல. கோட்டுக்கு வெளியே கறுப்பு முனைச் சுறா ஒன்று போகும். ஆமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்க்கும். மனம் அங்கே ஓடும். அவற்றைக் குறிப்புப் பகுதியில் தனியாக எழுதலாமேயன்றி, எண்ணிக்கைக்குள் இழுத்துக்கொண்டுவரலாகாது. அதைவிடப் பொல்லாத சபலம் ஒன்றுண்டு: அரை மணி நேரம் நீந்தியும் ஒரு கலவாயும் தென்படாதபோது, தாளை வெறுமையாகக் கொண்டுபோக மனமில்லாமல், 28 சென்ரிமீற்றர் மீனை 30 ஆக்குதல். தோட்டத்துச் செக்ரோலில் வந்தவருக்கு மட்டுமன்றி வராதவருக்கும் அடையாளம் போடுகிறார்களே, அதுபோலக் கடலடித் தாளிலும் பூச்சியம் ஒரு முழுப் பதிவு. கட்டத்தைக் காலியாக விட்டால் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூச்சியம் போட்டால் பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். பத்து வருஷத்துக்குப் பின் அந்தத் தாளை வாசிப்பவருக்கு இவ்விரண்டும் வேறு வேறு.

கண்ணும் ஏமாற்றும். முகமூடிக் கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும் பொருள் உண்மையான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தோன்றும். சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கி மறையும். ஆகையால், எழுதும் பிளாஸ்டிக் பலகையின் ஓரத்தில் 20, 30 சென்ரிமீற்றர் அடையாளங்களைக் கீறி வைத்துக்கொள்வது நலம். எழுதுவதற்குச் சாதாரணப் பென்சிலே போதும். அது நீருக்குள்ளும் எழுதும்.

மூன்றாவது வேலை அடித்தளத்தைப் பதிதல். நாடாவின் ஒவ்வோர் அரை மீற்றரிலும் நூலிற் கட்டிய சிறு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் உள்ளது கல்முருகையா, மென்முருகையா, அண்மையில் மடிந்த முருகையா, பாசியா, கடற்பஞ்சா, பாறையா, நொறுங்கலா, மணலா, சேறா என்று குறித்தால், ஒரு துண்டுக்கு 40 புள்ளியாக 160 புள்ளிகள் சேரும். குண்டு ஏனென்றால், கை தன்னிஷ்டப்படி அழகான முருகையின் பக்கமே போகும். குண்டுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. வெளிறிய முருகை இன்னும் உயிருள்ளதாகையால், வெண்ணிறமாயிருப்பினும் அதைக் கல்முருகை என்றே எழுதி, வெளிறியதென்று பக்கத்தில் குறிக்கவேண்டும். மடிந்ததென்று எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

சேற்றையும் மணலையும் பிரித்தறியும் விதி மலைநாட்டாருக்கு உடனே விளங்கும்: விரலாற் கிளறினால் சட்டென்று கீழே படிவது மணல், புகைபோலக் கிளம்பி நீரிலேயே நிற்பது சேறு. மழை விட்டபின் ஓயா நிறம் மாறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கும், கான் வெட்டி மண்ணைத் தடுத்தவர்களுக்கும் இது பாடமாகச் சொல்லப்பட வேண்டியதில்லை. சேறு படிந்தால் முருகைக்கு வெளிச்சம் குறையும்; அதன் இளங்குஞ்சுகள் ஒட்டி வளர இடமிராது. ஆனால் நம் மலை மண் அத்தனையும் போய்த் திருகோணமலைப் பாறையில் படிகிறது என்று மேடையிற் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பை என்று வழியிலுள்ள தேக்கங்களே அதிற் பெரும்பங்கை விழுங்கித் தாமும் தூர்ந்துவருகின்றன. கடலடியிற் காணும் சேறு எங்கிருந்து வந்ததென்று தீர்மானிப்பது பதிவாளரின் வேலையன்று. எந்தப் புள்ளியில் இருந்ததென்று எழுதுவதே அவர் வேலை.

தோட்டத்திலேயே ஒத்திகை

இவ்வளவையும் நீருக்குள் முதன்முதலாகச் செய்ய முயல்பவர் காற்றையும் பணத்தையும் விரயம் செய்வார். வீட்டுப் பக்கத்திலேயே ஒத்திகை பார்க்கலாம். 100 மீற்றர் கயிற்றில் அரை மீற்றருக்கொரு முடிச்சுப் போட்டு, மலை ரோட்டின் ஓரத்தில் விரித்து, குண்டு தொடும் இடத்திலுள்ளது புல்லா, கல்லா, மண்ணா, சருகா, தேயிலைத் தூரா என்று இருவர் தனித்தனியே எழுதுக. எழுதி முடித்தபின் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டால், சருகு மூடிய கல்லை ஒருவர் சருகென்றும் மற்றவர் கல்லென்றும் எழுதியிருப்பது தெரியவரும். அந்த வழக்கைப் பேசித் தீர்த்து ஒரே விதிக்கு வருவதுதான் பயிற்சி. மட்டையில் மீன் வடிவங்களை வெட்டித் தூரத்தில் நிறுத்தி அளவு சொல்லிப் பழகுவதும் நல்லது.

சுழியோடற் பயிற்சியும் உபகரண வாடகையும் தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு எட்டாதவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்க்கும் வழியுண்டு. புறாத்தீவின் முருகை பெரும்பாலும் ஆழமற்ற நீரிலேயே இருப்பதால், முகமூடியும் ஸ்நோர்க்கலும் மிதவைச்சட்டையும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தவாறே பதியக்கூடிய முறை ஒன்றை அவர்கள் கைக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2002இல் தொடங்கிய கோரல்வோச் திட்டத்தில், 1 முதல் 6 வரை எண்ணிட்ட நிறச் சாயல்கள் அச்சிட்ட அட்டையொன்றை முருகையின் பக்கத்திற் பிடித்து, அதன் மிக வெளிறிய பகுதியையும் மிகக் கறுத்த பகுதியையும் ஒப்பிட்டு எண்ணைக் குறிக்கிறார்கள். ஒரு தடவைக்கு 20 முருகைகளாவது பார்க்கவேண்டும். மறுமுறை போகும்போது நிறம் இரண்டு படி இறங்கியிருந்தால், வெளிறல் தொடங்கியிருக்கலாம் என்று அறிவிக்கலாம். இதற்கு வாயுக்கலன் தேவையில்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும் பொறுமையும் போதும்.

சில நியமங்கள்

தேசியப் பூங்காவுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும். ஆய்வு என்ற பெயரில் நாடா விரிப்பதானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்பே பெறவேண்டும். முருகையை மிதிப்பதோ உடைத்த துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் இடுவதோ கூடாது. மிதக்கும் நிலையை ஒழுங்காகக் காக்கத் தெரியாதவர் எண்ணும் வேலைக்கு இறங்காமல் இன்னும் சில முறை பழகட்டும். வெடிவைத்து மீன் பிடிப்பதைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு விலகிவந்து அதிகாரிகளுக்குச் சொல்க. கடலில் வாக்குவாதம் வேண்டாம். படகோட்டிகளிடமும் உள்ளூர் மீனவர்களிடமும் பணிவாகப் பேசிக் கேட்டால், எந்தப் பாறையில் முன்பு என்ன இருந்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாத வகையிற் சொல்வார்கள்; அதைத் தனித் தாளில் எழுதி, கேட்ட செய்தி என்று தலைப்பிடுக.

கிழக்குக் கடல் தெளிந்து அடங்கியிருப்பது சுமாராக மே முதல் செப்டெம்பர் வரை. மேற்கிலும் தெற்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. முதல் முறை எந்த மாதத்தில் இறங்கினீர்களோ, அடுத்த வருஷமும் அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே இடத்தில் இறங்கினாற்றான் இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைக்கலாம். ஆகையால் நாடாவின் இரண்டு முனைகளின் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் திகதி, நேரம், ஆழம், நீர்த் தெளிவு, எண்ணியவர் பெயர் ஆகியவற்றையும் தாளின் தலையிலேயே எழுதுக. பலகையில் எழுதியதை அன்று மாலையே தாளுக்கு மாற்றி, கூட இறங்கியவர் சரிபார்த்த பின்னரே அழிக்கவேண்டும். ஒரு பிரதியைத் திட்டத்தை நடத்துவோருக்கு அனுப்பி, இன்னொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்க; அடுத்த வருஷம் அதே கோட்டுக்குத் திரும்பிவர இயலாதென்று தெரிந்தால், வரக்கூடிய ஒருவரைத் தேடி அந்தப் பிரதியை அவரிடம் கொடுத்துவிடுக.